சித்தி விட்டுப்போன டார்ச்

பிப்ரவரி 3

அன்புள்ள சித்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. நீங்கள் போனை எடுப்பதில்லை என்று அம்மா சொன்னாள். எடுத்தாலும் என்னால் பேசியிருக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். விலாசத்தை அம்மாவின் துணிப்பெட்டியிலிருந்து அவளைக் கேட்காமல் எடுத்தேன்.

உங்கள் டார்ச் போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை முட்டைத் தட்டு கழுவும் தொட்டியில் விழுந்தது. இரண்டு அடுக்குத் தட்டுகளை ஒன்றாகத் தூக்கினேன். இடுப்பில் செருகியிருந்தது நழுவிவிட்டது. சோப்புத் தண்ணீரில் துழாவி எடுப்பதற்குள் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். புதுச் செல் போட்டேன். ஒரு தடவை மின்மினி மாதிரி எரிந்து அணைந்தது, அவ்வளவுதான். சாமான் கடைக்காரர் பின்மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு, "உள்ள பச்சை பூத்துப்போச்சும்மா. இனிமே பேப்பர் பறக்காம மேல வச்சுக்கலாம்" என்றார்.

நீங்கள் குஞ்சுப் பொரிப்பகத்தை விட்டுப் போன அன்று அதை நம் மேசை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனீர்கள். இந்த ஒன்பது மாதமும் அதை வைத்துத்தான் முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்த்தேன். அதன் வாய் முட்டையின் அகலப் பக்கத்தில் மூடி போட்டதுபோல உட்காரும். ஏழாம் நாள் முட்டைக்குள் நரம்பு ஓடுவது அதில் தெரிவதுபோல வேறு எதிலும் தெரியாது. பொழுது சாயும் நேரத்தில் கிடங்குச் சந்து வழியாக வீட்டுக்கு நடக்கவும் அதுதான். ஃபியூஸ் போனால் மீட்டர் பெட்டியைப் பார்க்க, அம்மாவின் தோட்டுத் திருகாணி கட்டிலுக்கடியில் உருண்டால் தேட, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கடையில் இப்போது அந்த மாதிரி வருவதில்லையாம். கண்ணாடிப் பெட்டி நிறைய வேறு வேறு டார்ச் இருக்கிறது. எதை வாங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னால் அதை வாங்குவேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஆனால் தாளில் இடம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 11

அன்புள்ள என்று போடலாமா வேண்டாமா என்று யோசித்தேன். போட்டுவிடுகிறேன், தாள் வாங்கியாகிவிட்டது.

நீங்கள், உங்கள் என்று எழுதியிருக்கிறாய். இது எப்போதிருந்து? மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த நாளிலிருந்து "சித்தி, நீ வா, நீ போ" என்றவள். மரியாதை கொடுத்துத் தள்ளி வைக்கப் பார்க்கிறாயா? நானாகத்தான் தள்ளி வந்துவிட்டேனே, உனக்கு எதற்கு அந்த வேலை?

ஒன்பது மாதம் கழித்து எழுதுகிறாய். என்ன விசேஷம் என்று பிரித்தால் டார்ச் தொட்டியில் விழுந்துவிட்டதாம். நான் எந்தத் தொட்டியில் விழுந்து கிடக்கிறேன் என்று ஒரு வரி கேட்கவில்லை.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. அன்று முட்டை அறையில் பதினோரு பேர் நின்றோம். பேக்கரிக்காரர் வாளியையும் காலித் தட்டுகளையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வெற்று முட்டை, உள்ளே உயிர் இல்லை என்று நாம் ஒதுக்கி அவருக்கு விற்ற முட்டைகள். உடைத்தால் ஒவ்வொன்றிலும் ரத்த நரம்பு. சிலதில் துடிப்பு நின்றிருக்கவில்லை. மேற்பார்வை பார்க்கிற தொப்பிக்காரர் தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு தட்டிலும் நீலப் பென்சில் குறி. "நீலம் யாருது?" என்றார். "என்னுது" என்றேன். பிறகு யார் கேட்கிறார்கள்? "கண்ணு தெரியலைன்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே, இங்க வந்து உசுரோட விளையாடுறியா?" என்று கத்தினார்.

தப்பு என்னுடையதுதான், நான் மறுக்கவில்லை. முப்பது வயதில் எனக்குக் கண் போய்விட்டது, வேறென்ன? ஆனால் அப்போது நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். "எங்க சித்தி வேணும்னு பண்ண மாட்டாங்க." நீ இவ்வளவு சொல்லியிருந்தால் போதும். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்கிறார்கள் என்று ஒன்பதாம் வகுப்போடு நின்றவளை, "இவ பேச மாட்டா, ஆனா கை சுத்தம்" என்று சொல்லி அந்த வேலைக்குக் கூட்டிப்போனவள் நான்.

டார்ச் பற்றி என்னைக் கேட்காதே. கண் போனவளிடம் வெளிச்சம் கேட்கிறாய். கடைக்காரரைக் கேள்.

சித்தி

பின்குறிப்பு: நீ எழுதிய தாளின் பின்பக்கம் முழுதும் காலி. இடம் இல்லையாம்.


பிப்ரவரி 16

அன்புள்ள சித்திக்கு,

நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் பதில் வருவதற்குள் நானே ஒன்று வாங்கிவிட்டேன். பண்ணையில் கொடுக்கிற டார்ச் மூன்றுதான் இருக்கிறது, பார்ப்பவர்கள் ஐந்து பேர். "டார்ச் இல்லாதவங்க தட்டு கழுவப் போங்க" என்று தொப்பிக்காரர் சொல்லிவிட்டார். அதனால் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் "போன்லயே டார்ச் இருக்கேம்மா" என்றார். முட்டை அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவர் ஏழு எடுத்துப் பரப்பிவிட்டார். முழங்கை நீளத்தில் ஒன்று, தலையில் மாட்டுவது ஒன்று, சாவிக்கொத்தில் தொங்குவது ஒன்று. பிறகு "இத எடுத்துக்கோம்மா, இதுல இல்லாததே இல்ல" என்று ஒன்றைக் கையில் கொடுத்தார். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அதற்குள் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

அதில் ஐந்து விதமான வெளிச்சம் வருகிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று. சின்ன வெளிச்சம் வேண்டுமென்றால் முதலில் பெரியதைத் தாண்டி, அதைவிடப் பெரியதைத் தாண்டி, பளிச் பளிச்சென்று வெட்டுவதைத் தாண்டித்தான் போக வேண்டும். இருட்டான அறை, எல்லோரும் குனிந்து முட்டை பார்க்கிறார்கள், என் மேசையிலிருந்து மட்டும் ஆம்புலன்ஸ் மாதிரி வெளிச்சம். "யாருக்கும்மா சீரியஸ்?" என்று எதிர் மேசை அக்கா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அணைக்கப் பார்த்தேன், அது இன்னும் வேகமாக வெட்டியது. கடைசியில் பாவாடைக்குள் சுருட்டிவைத்தேன்.

முட்டைக்கும் அது உதவவில்லை. வெள்ளை வெளேரென்று அடிக்கிறது, ஓடு முழுக்க பல்பு மாதிரி ஆகிவிடுகிறது. உயிர் இருப்பதும் இல்லாததும் ஒரே மாதிரி தெரிகிறது. வாய் அகலமாக இருப்பதால் ஓரத்தில் கசிந்து என் கண்ணில்தான் விழுகிறது. நான் பயந்துபோய் ஒரு தட்டுகூடக் குறிக்காமல் பக்கத்து அக்காவின் டார்ச்சுக்காகக் காத்திருந்தேன். இப்போதெல்லாம் சரியாகத் தெரியாவிட்டால் குறிப்பதே இல்லை.

உன் கண் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். சித்தி, அப்படி எழுதாதே. உன் கண் போகவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அந்த நாலு தட்டைப் பற்றி. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

நீ எப்படி இருக்கிறாய்? முன்பே கேட்டிருக்க வேண்டும்.

உன் அக்கா மகள்


பிப்ரவரி 25

கூமுட்டை,

ஆம்புலன்ஸை நினைத்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். வேண்டாம் என்று தோன்றியதை வேண்டாம் என்று சொல்ல உனக்கு எத்தனை வயதாக வேண்டும்?

எப்படி இருக்கிறாய் என்று கேட்டாயே, கேள். காய்கறி வைக்கும் குளிர்கிடங்கில் இருக்கிறேன். பெட்டி தூக்குவது, அடுக்குவது, எண்ணிச் சொல்வது. இரண்டு சட்டை, அதன் மேல் கம்பளிக் கோட்டு, கையுறை. வெளியே வந்தால் வியர்க்கிறது, உள்ளே போனால் பல் அடிக்கிறது. இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கண் தேவையில்லாத வேலை என்றுதான் இதில் சேர்ந்தேன்.

என் கண் போகவில்லை என்று பெரிய டாக்டர் மாதிரி எழுதியிருக்கிறாய். உண்மையான டாக்டரும் அதையே சொன்னார். எழுத்தைப் படிக்கச் சொன்னார், கடைசி வரி வரை படித்தேன். "ஒண்ணும் இல்லம்மா, போய்ட்டு வாங்க" என்றார். நான் நம்பவில்லை. எழுத்து வேறு, முட்டை வேறு. இங்கே வந்த முதல் மாதமே ஒரு பொரிப்பகத்தில் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எனக்குக் கண் சரியில்லை என்று நானே சொல்லி வந்துவிட்டேன். இன்னொரு வாளியைப் பார்க்க என்னால் முடியாது. அந்த நாலு தட்டையும் இன்றைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். எந்த முட்டையில் தவறவிட்டேன், அப்போது என்ன யோசித்துக்கொண்டிருந்தேன் என்று. ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. செய்தது ஞாபகமே இல்லை என்றால் கண் மட்டும்தான் போயிருக்கிறதா?

போகட்டும். டார்ச். அந்த ஆம்புலன்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடு. வாங்குவதற்கு முன் மேசையில் படுக்கவைத்துப் பார், உருண்டு ஓடக்கூடாது. நிமிர்த்தி வைத்தால் நிற்க வேண்டும், மீட்டர் பெட்டி பார்க்கும்போது இரண்டு கையும் வேண்டும். முதல் அழுத்தலில் சின்ன வெளிச்சம், இரண்டாவதில் பெரியது, மூன்றாவதில் அணைய வேண்டும். அதற்கு மேல் வித்தை எதுவும் வேண்டாம். வெளிச்சம் மஞ்சள் சாய்ந்திருக்கட்டும், நீலம் சாய்ந்தது நரம்பை விழுங்கிவிடும். ஐந்து நிமிடம் எரியவிட்டு வாயைத் தொட்டுப் பார், சுட்டால் வேண்டாம், முட்டைக்கு ஆகாது. கரண்டில் சொருகி ஏற்றுவது எல்லாம் உனக்குச் சரிப்படாது. கரண்ட் போன அன்று நீ டார்ச்சைத் தேடுவாய், டார்ச் கரண்டைத் தேடும். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பென்சில் செல் போடுவதாக வாங்கு.

என் கண்ணை நம்பி வாங்காதே. இதெல்லாம் பழைய ஞாபகம்.

அக்காவிடம் மணிக்கட்டு பற்றிச் சொல்லாதே. கிளம்பி வந்துவிடுவாள்.

சித்தி


மார்ச் 2

சித்தி,

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

அந்த நாலு தட்டையும் பார்த்தது நான்.

அன்று காலை நீ பக்கத்து அறையில் குஞ்சுப் பெட்டி அடுக்கப் போயிருந்தாய். நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது பண்ணை டார்ச். அதில் செல் இறங்கிக்கொண்டிருப்பது எனக்கு முந்தின நாளே தெரியும். புதுச் செல் வேண்டுமென்றால் ஸ்டோர் ஜன்னலில் போய்க் கேட்க வேண்டும். ஸ்டோர்க்காரர் எப்படிப் பேசுவார் என்று உனக்குத் தெரியும். "செல்லத் திங்கிறீங்களா? போன வாரம்தானே குடுத்தேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். என் சிவப்புப் பென்சிலும் முனை ஒடிந்து கிடந்தது. அதைச் சீவுகிற பிளேடும் அந்த ஜன்னலில்தான் வாங்க வேண்டும். உன் நீலப் பென்சில் மேசையில் இருந்தது. ஆளுக்கு ஒரு நிறம், மாற்றக்கூடாது என்று நீ முதல் நாளே சொல்லியிருந்தாய். நாலு தட்டுதானே என்று எடுத்தேன்.

எல்லாம் பழுப்பு ஓட்டு முட்டை. மங்கின வெளிச்சத்தில் உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றும் இல்லை என்று ஒதுக்கிவிட்டேன்.

பேக்கரிக்காரர் வாளியை வைத்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ "என்னுது" என்றாய். நான் வாயைத் திறந்தேன் சித்தி, நிஜமாகவே திறந்தேன். காற்றுதான் வந்தது. பிறகு நீ என்னைப் பார்த்தாய். நான் செருப்பைப் பார்த்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். நீ தெரிந்தேதான் அப்படிச் சொன்னாய் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தத் தட்டுகள் உன்னுடையவை இல்லை என்று உனக்குத் தெரியும், எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாய், என்மேல் உனக்குக் கோபம், அதனால் போனை எடுக்கவில்லை என்று. அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. உன் டார்ச்சை ஆணியில் விட்டுப் போனதைக்கூட எனக்காக விட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். உன் இரண்டு கடிதமும் வந்த பிறகுதான் தெரிந்தது. நீ உன் கண்ணை நம்பாமல் இருக்கிறாய். செய்யாததை எப்படிச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாய். உனக்கு ஞாபகம் வராதது ஏனென்றால் அங்கே நீ இல்லை.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதி எழுதிப் பார்த்தேன். மூன்று தாளைக் கிழித்தது அதனால்தான்.

உன் அக்கா மகள்


மார்ச் 20

சித்தி,

பதில் வரவில்லை. தினமும் தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்க்கிறேன்.

தொப்பிக்காரரிடம் சொல்லிவிட்டேன். போன திங்கட்கிழமை. அவர் வாசலில் நிற்கும் நேரம் பார்த்து மூன்று நாள் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பினேன். நான்காம் நாள் அவரே, "என்ன, லீவு வேணுமா?" என்றார். "நீலம் என்னுது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன், கொஞ்சம் திக்கியது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "இப்ப வந்து சொல்றியே, நான் என்ன பண்ண? உங்க சித்தி எடத்துல ஆள் வந்தாச்சு. இத போய் மேல சொன்னா என்னத்தான் கேப்பாங்க, நீ ஏன் அன்னிக்கு விசாரிக்கலைன்னு" என்றார். பிறகு, "நீ நாளைலேர்ந்து கழுவுற பக்கம் போ" என்றார்.

கத்துவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று பயந்திருந்தேன். அவர் கத்தவே இல்லை. உன்னிடம் எவ்வளவு கத்தினார்!

இப்போது தட்டு கழுவுகிறேன். நான் சொன்னதை அம்மாவிடமும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆம்புலன்ஸைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

உன் அக்கா மகள்


மார்ச் 27

இரண்டு கடிதமும் வந்தன. இத்தனை நாள் எழுதவில்லை, எழுதியிருந்தால் நீ படிக்கக்கூடாத வார்த்தைகள்தான் வந்திருக்கும். இப்போதும் சிலவற்றை விழுங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பத்து மாதம். சாலையைக் கடக்க, முன்னால் ஒருவர் கடக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறேன். பெட்டிகளை எண்ணிவிட்டு, சரிதானா என்று அடுத்தவளை எண்ணச் சொல்லியிருக்கிறேன். அவள் என்னை எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் கடிதம் வந்த மறுநாள், முன்பு என்னைக் கூப்பிட்ட அந்தப் பொரிப்பகத்துக்குப் போய்க் கேட்டேன். "நீங்கதானே கண்ணு சரியில்லன்னீங்க?" என்றார்கள். நான் என்ன சொல்ல? ஆள் எடுத்தாகிவிட்டதாம், யாராவது நின்றால் சொல்கிறார்களாம்.

உனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டேன் என்று நினைத்தாயாம். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. எனக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே, பதினோரு பேர் முன்னால் உன் காதைத் திருகியிருப்பேன். திருகிவிட்டு, "சின்னப் பொண்ணு, செல் கேக்கக்கூடப் பயப்படற மாதிரி ஒரு ஸ்டோர் வச்சிருக்கீங்களே" என்று தொப்பிக்காரரோடு உனக்காகச் சண்டையும் போட்டிருப்பேன். இரண்டையும் செய்திருப்பேன். இரண்டில் ஒன்றைக்கூடச் செய்ய நீ என்னை விடவில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நன்றாக எழுதுகிறாய். எழுத்துப்பிழைகூட இல்லை. தாளில் நீ பெரிய வாயாடி. அதுதான் எனக்குக் கோபம். எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டால் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நான் என்ன ஆகிறேன் என்று பார்க்க வேண்டியதில்லை. தொப்பிக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்ததே, நான் அவரைவிடவா பெரிய ஆள்?

இனிமேல் மன்னிப்பு எதுவும் எழுதாதே, பிரிக்க மாட்டேன். வந்து வாயால் சொல். சொல்ல முடியாது என்றால் விட்டுவிடு.

சித்தி


ஏப்ரல் 7

அன்புள்ள சித்திக்கு,

இது மன்னிப்புக் கடிதம் இல்லை. பிரித்துப் படி.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும், நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் வண்டியில் திரும்பி வரும்போது எனக்கு ஒன்று புரிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கிடங்கு வாசலில் காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்றார். "என் சித்திய" என்றேன். "இங்க முப்பது சித்தி இருக்காங்க, எந்தச் சித்தி?" என்றார். "நெறையப் பேசுவாங்களே" என்றேன். உடனே, "ஓ, அவங்களா!" என்று உள்ளே போனார். நீ கம்பளிக் கோட்டோடு வெளியே வந்தாய். இளைத்துவிட்டாய். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. நான் மனப்பாடம் செய்து வந்ததை ஆரம்பித்தேன். "சித்தி, அன்னிக்கு நாலு தட்டும் நான்தான்" என்பது வரைக்கும் வந்தது. பிறகு திக்கியது. உன் மணிக்கட்டைப் பார்த்த பிறகு மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது. "நான்தான், நான்தான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். செருப்பைப் பார்க்கவில்லை.

நீ திட்டுவாய் என்று நினைத்தேன். காதைத் திருகுவாய் என்று இடது பக்க முடியைக்கூட ஒதுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நீ கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடந்தாய். நான் பின்னாலேயே வந்தேன்.

முதலில் மளிகைக் கடையில் ஒரு முட்டை வாங்கினாய், பழுப்பு ஓடு. பிறகு நேராக டார்ச் கடைக்குப் போனாய். "நல்ல டார்ச்சா எடுங்க" என்று அவரிடம் சொன்னாய். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, நீ படுக்கவைத்துப் பார்த்தாய், நிமிர்த்திப் பார்த்தாய், வாயைத் தொட்டுப் பார்த்தாய். பிறகு கோட்டைத் தலைக்குமேல் போட்டு இருட்டாக்கிக்கொண்டு முட்டையில் வைத்துப் பார்த்தாய். "என்னம்மா, முட்டைக்கு எக்ஸ்ரே எடுக்கிறீங்களா? உள்ள கோழிதான் இருக்கும், யானையா இருக்கும்?" என்றார் அவர். "கோழியும் இல்ல. கடை முட்டைக்குள்ள மஞ்சக்கருதான் இருக்கும். அது எங்க இருக்கு, எப்படி ஆடுதுன்னு பாக்குறேன்" என்றாய். ஆறு டார்ச்சைத் தள்ளிவிட்டாய். ஏழாவதை வைத்து ரொம்ப நேரம் கோட்டுக்குள்ளேயே இருந்தாய். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். நீ வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "தெரியுது" என்றாய். அதையும் அவரிடம்தான் சொன்னாய்.

விரல் நீளம் இருந்தது அது. சாம்பல் நிறம், ஒரு பக்கம் தட்டையாக. சின்னது, பெரியது, அணைவது. அதில் அந்த ஒன்றுதான் இருக்கிறது என்றார் கடைக்காரர். எனக்கு வாங்குகிறாய் என்று நினைத்துக் கையை நீட்டினேன். நீ அதை உன் பையில் போட்டுக்கொண்டாய்.

அது சரிதான் சித்தி. உனக்குத்தான் அது வேண்டும். நான் கை நீட்டியதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வயதுப் பிள்ளையோடும் கதை பேசுகிறவள் நீ, எதிரே ஓடிய நாயிடம்கூட எதுவும் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு நிமிடமும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, என்ன வார்த்தையானாலும் பரவாயில்லை, சொல்லிவிட மாட்டாயா என்று. வண்டி கிளம்பிப் பாதி தூரம் வந்த பிறகுதான் புரிந்தது. அன்று அந்த அறையில், பதினோரு பேர் முன்னால், நீ இப்படித்தான் என் வாயைப் பார்த்திருப்பாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவேன். அதற்கடுத்த வாரமும் வருவேன். இனிமேல் எழுதமாட்டேன், வந்தே சொல்கிறேன். திக்கினால் திக்கட்டும். நீ பேச வேண்டாம் சித்தி. நான் பேசுகிறேன்.

உன் அக்கா மகள்


ஏப்ரல் 9

இந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு லோடு இறக்கும் முறை. சனிக்கிழமை பன்னிரண்டு மணி வண்டிக்கு வா. அதே டார்ச் இன்னொன்று வரவழைக்கக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், வந்து பார்த்துப் பிடித்தால் எடு, பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று நீயே அவரிடம் சொல்.

சாப்பிட்டுவிட்டு வராதே.

சித்தி